பாதைக்கு முந்தி வந்த வண்டி

ஓஸ்லோ நகரின் தென்பகுதியில், யான்செல்வா ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஹவுகெட்டோ ரயில் நிலையம் இருக்கிறது. அதற்கு மேலே மேட்டில் இருப்பது யாப்ரு, டிராமின் கடைசி நிறுத்தம். நகர மையத்திலிருந்து ஏக்கெபர்க் குன்றின்மேல் ஏறி, வீடுகளுக்கு நடுவே ஓடிவரும் டிராம் யாப்ருவில் ஒரு வளையமடித்துத் திரும்பிப் போய்விடுகிறது. கீழே ரயில், மேலே டிராம். நடுவில் இருப்பது நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான், ஆனால் அங்கே தண்டவாளம் இல்லை.

ஏக்கெபர்க் தடம் 1917 ஜூனில் சேட்டர் வரை திறக்கப்பட்டது. 1941இல் யாப்ரு வரை நீண்டது. அத்தோடு நின்றது. யாப்ருவிலிருந்து ஹவுகெட்டோவுக்கு இறக்கி ரயிலோடு இணைக்கலாம் என்ற யோசனை ஓஸ்லோவின் போக்குவரத்துத் திட்டங்களில் இடம்பெற்று வந்திருக்கிறது. வரைபடத்தில் அது ஒரு விரற்கடைக் கோடு. அந்தக் கோடு தேவையா, அதன் பயன் செலவுக்குத் தகுமா என்று அங்கே குடியிருப்பவர் எப்படி முடிவு செய்வார்? இல்லாத ஒரு பாதையை எதைக் கொண்டு எடைபோடுவது?

உலகின் பல நகரங்கள் இந்தக் கேள்விக்கு ஒரே மாதிரியான விடையைக் கண்டன. பாதை வருவதற்கு முன்பே வண்டியைக் கொண்டுவந்து மக்கள் கண்முன் நிறுத்தின. வேறு ஊருக்குச் சொந்தமான டிராமை இரவல் வாங்கி ஓட்டிக்காட்டிய ஊர்களும் உண்டு. விளம்பரமாகத் தொடங்கினாலும் இது உண்மையில் ஓர் அறிவியல் சோதனை. எல்லாச் சோதனைகளையும் போல இதுவும் சில கேள்விகளுக்கு விடை தரும், சிலவற்றுக்குத் தராது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

மான்செஸ்டர், 1987

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு விசித்திரமான குறை இருந்தது. வடக்கிலிருந்து வரும் ரயில்கள் விக்டோரியா நிலையத்தில் நின்றுவிடும். தெற்கிலிருந்து வருபவை பிக்கடிலியில் நின்றுவிடும். நகரத்தின் நடுவே இரண்டையும் இணைக்கும் பாதை கிடையாது. சுரங்கம் தோண்டி இணைக்கும் திட்டம் 1970களில் பணமின்றிக் கைவிடப்பட்டது. அடுத்து வந்த யோசனை, பழைய புறநகர் ரயில் பாதைகளில் இலகு ரயில் வண்டிகளை விட்டு, அவற்றையே நகர மையத் தெருக்களின் வழியாகவும் ஓட்டுவது.

சிக்கல் என்னவென்றால், அத்தகைய வண்டியை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. மான்செஸ்டரின் பழைய டிராம்கள் 1949இலேயே நின்றுபோயின. டிராம் என்றதும் முதியவர்களுக்கு நினைவில் வந்தது குலுங்கிக் குலுங்கிப் போகும் மாடி வண்டி. இளைஞர்களுக்கு எதுவுமே நினைவில் வரவில்லை.

அப்போது லண்டனில் டாக்லண்ட்ஸ் இலகு ரயில் திறப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்காக ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மன் புஷ் ஆலை கட்டிய பதினொரு வண்டிகளில் கடைசியான 11ஆம் எண் வண்டி, லண்டனில் சேவைக்குப் போகும் முன் மான்செஸ்டருக்கு வந்தது. நகரின் கிழக்கே டெப்டேல் பூங்காவை ஒட்டி, சரக்கு ரயில்கள் மட்டும் போய்வந்த ஒரு பாதையில் மேல்நிலை மின்கம்பி கட்டினார்கள். தற்காலிக நடைமேடை அமைத்தார்கள். 1987 மார்ச்சில் பொதுமக்கள் அதில் ஏறிப் பயணம் செய்தார்கள்.

அந்த வண்டியை அப்படியே கொண்டுவந்து ஓட்ட முடியவில்லை. லண்டனில் அது தண்டவாளத்தின் பக்கத்திலுள்ள மூன்றாவது தண்டிலிருந்து மின்சாரம் எடுப்பது. அந்தத் தண்டில் 750 வோல்ட் ஓடும். வேலியிட்ட தனிப்பாதையில் அது சரி. மனிதர்கள் குறுக்கே நடக்கும் தெருவில் தரைமட்டத்தில் மின்சாரத்தை வைப்பது மரணத்தை வைப்பதற்குச் சமம். ஆகவே வண்டியின் கூரையில் பான்டோகிராஃப் பொருத்தினார்கள். கம்பியோடு உரசிக்கொண்டே போகும் மடிப்புக் கை அது. லண்டனில் கணினி ஓட்டும் வண்டியை இங்கே ஓட்டுநர் கையால் ஓட்டினார்.

இரவல் வண்டியை நாம் பாதையிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதை இந்த மாற்றங்களே சொல்கின்றன. தண்டவாள அகலம், மின்னழுத்தம், மின்சாரம் எடுக்கும் முறை, நடைமேடையின் உயரம், வளைவின் ஆரம் ஆகிய எல்லாம் பொருந்தினால்தான் ஓர் ஊரின் டிராம் இன்னோர் ஊரில் ஓடும். நார்வேக்குள்ளேயே இதைக் காணலாம். ஓஸ்லோ டிராமின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். ட்ரான்ட்ஹெய்மில் அது 1,000 மில்லிமீட்டர். ஒன்றின் வண்டி மற்றதில் ஓர் அடிகூட நகராது. ஏக்கெபர்க் தடமே தொடக்கத்தில் 1,200 வோல்ட்டில் இயங்கியது. 1974இல் அதை நகரத் தடங்களின் 600 வோல்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் ஓஸ்லோவின் சாதாரணத் தெரு டிராம்கள் அந்தக் குன்றின்மேல் ஏற முடிந்தது.

மான்செஸ்டரின் இலகு ரயிலுக்கு 1988இல் நாடாளுமன்றம் சட்ட ஒப்புதல் தந்தது. மெட்ரோலிங்க் என்ற பெயரில் பெரி நகரிலிருந்து முதல் வண்டி 1992 ஏப்ரல் 6 அன்று ஓடியது. டெப்டேல் சோதனை மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. பல ஆண்டு ஆய்வும் அரசியல் முயற்சியும் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனாலும் அந்த மார்ச்சுக்குப் பிறகு, "இலகு ரயில்" என்ற சொல்லைக் கேட்டவர்களின் மனத்தில் தாங்களே ஏறி உட்கார்ந்த ஒரு வண்டி இருந்தது.

உடம்பு அறிகிற அறிவியல்

ஒரு வண்டியில் ஏறி இறங்கும் ஐந்து நிமிடத்தில் பயணியின் உடம்பு பலவற்றை அளந்துவிடுகிறது. முதலில் தளத்தின் உயரம். ரயில் வழக்கப்படி கட்டிய வண்டிகளில் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சக்கரமும் மோட்டாரும் கீழே இருப்பதால் அந்த உயரம். இன்றைய தாழ்தள டிராமில் அது 35 சென்டிமீட்டர் அளவே. அதற்காக மின்கருவிகளையெல்லாம் கூரைக்கு ஏற்றிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தை வண்டி தள்ளி வரும் தாய், முழங்கால் வலியோடு வரும் முதியவர் ஆகியோருக்கு இந்த 55 சென்டிமீட்டர்தான் பயணமா, வீட்டிலேயே இருப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஓஸ்லோவில் 1980களில் வந்த எஸ்எல்79 வண்டிகளில் படி ஏற வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் சேவைக்கு வந்த எஸ்எல்18 வண்டிகள் முழுவதும் தாழ்தளம். ஸ்பெயினின் சிஏஎஃப் நிறுவனத்திடம் 87 வண்டிகள் வாங்கப்பட்டன. ஒவ்வொன்றும் 34 மீட்டர் நீளம். ஏறத்தாழ 220 பேர் செல்லலாம்.

அடுத்து உருளும் தன்மை. வண்டியின் எடையில் ஒரு டன்னைச் சமதளத்தில் உருட்ட, சாலையில் ரப்பர் டயருக்கு ஏறத்தாழ 10 கிலோ எடைக்கு ஈடான விசை தேவை. எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ போதும். காரணம், ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. அந்த நசுக்கலில் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. எஃகு நசுங்குவது மிகக் குறைவு. சக்கரமும் தண்டவாளமும் தொடும் பரப்பு நம் கட்டைவிரல் நகம் அளவுதான். டிராம் வழுக்கிக்கொண்டு போவதுபோலப் பயணி உணர்வதற்கு அடிப்படை இதுவே.

அந்தச் சிறு தொடுபரப்புக்கு ஒரு விலையும் உண்டு. பிடிமானம் குறைவு. உலர்ந்த தண்டவாளத்தில் சக்கரத்தின்மேல் உள்ள எடையில் கால் பங்கு அளவுக்கு இழுவிசை கிடைக்கும். ஈரமும் உதிர்ந்த இலைச்சாறும் சேர்ந்த தண்டவாளத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால்தான் டிராம்கள் சக்கரத்தின் முன்னால் மணல் தூவுகின்றன. அவசரத்தில் தண்டவாளத்தையே இறுகப் பற்றும் காந்தத் தடைகளையும் வைத்திருக்கின்றன. இலையுதிர்காலத்து ஓஸ்லோவில் இவை தினசரித் தேவைகள்.

இந்த எண்களை ஹவுகெட்டோவின் நிலவமைப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். மேட்டிலிருக்கும் யாப்ருவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் எந்தப் பாதையும் சரிவாகத்தான் இருக்கும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் சரிவை எடுத்துக்கொள்வோம். ஒரு டன்னை அதில் ஏற்றுவதற்கு மட்டும் 50 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். சமதளத்தில் தேவைப்பட்ட ஒன்றிரண்டு கிலோ அதன் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. அதே ஏற்றத்தில், ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் கூட்டிப் புறப்பட வேண்டுமென்றால் டன்னுக்கு இன்னும் 100 கிலோ சேரும். மொத்தம் 150 கிலோ என்பது எடையில் 15 சதவீதம். உலர்ந்த தண்டவாளம் அதைத் தரும். இலைச்சாறு படிந்த தண்டவாளம் தராது. எத்தனை அச்சுகளில் மோட்டார் இருக்கிறது, ஏற்றத்தில் நிறுத்தம் வைக்கலாமா, மணல் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் இங்கிருந்து பிறக்கின்றன. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதியைக் கம்பிக்குத் திருப்பித் தரும் என்பது இதன் நல்ல பக்கம்.

கண்காட்சிக்காக ஒரு சதுக்கத்தில் நிறுத்திவைத்த வண்டி இவற்றில் எதையும் சொல்லாது. சமதளத்தில் நேராக ஓடிய டெப்டேல் வண்டியும் சொல்லவில்லை. வளைவில் திரும்பும்போது வண்டியின் மூலைகள் தண்டவாளத்துக்கு வெளியே எவ்வளவு துருத்தும், கடினமான சக்கரம் வளைவில் ஒட்டியும் நழுவியும் போகையில் எழும் கிறீச்சொலி பக்கத்து வீட்டின் படுக்கையறைக்கு எட்டுமா என்பவை அந்தந்த இடத்துக்கே உரிய கேள்விகள். ஜவுளிக்கடையில் சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பதுபோலத்தான் இது. நிறம் பொருந்துகிறதா என்று தெரியும். பத்துத் துவைப்புக்குப் பிறகு எப்படியிருக்கும் என்று தெரியாது.

வான்கூவரின் அறுபது நாட்கள்

2010இல் கனடாவின் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. கிரான்வில் தீவுக்கும் ஒலிம்பிக் வில்லேஜ் நிலையத்துக்கும் இடையே 1.8 கிலோமீட்டர் பழைய தண்டவாளம் இருந்தது. விடுமுறை நாட்களில் பழங்கால டிராம்கள் ஓடிய பாதை அது. நகராட்சி அதைச் செப்பனிட்டது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து பம்பார்டியர் நிறுவனத்தின் புத்தம்புதுத் தாழ்தள டிராம்கள் இரண்டு இரவலாக வந்தன. ஜனவரி 21 முதல் மார்ச் 21 வரை கட்டணமில்லாமல் ஓடின. நகர மையத்துக்கு டிராம் தடம் போட வேண்டும் என்ற நெடுநாள் திட்டத்துக்கு அது நேரடி முன்னோட்டம்.

ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் பதிவாயின. நாளொன்றுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துக்கும் மேல். இரண்டே வண்டிகளில், 1.8 கிலோமீட்டரில் இது பெரிய எண்ணிக்கை. ஆனாலும் வண்டிகள் பிரஸ்ஸல்ஸுக்குத் திரும்பிய பிறகு அந்தத் தடம் கட்டப்படவில்லை. நகரத்தின் பணமும் கவனமும் ஸ்கைட்ரெயின் என்னும் நகர ரயிலின் நீட்டிப்புப் பக்கம் போயின. பழங்கால டிராம்களும் அடுத்த ஆண்டுகளில் நின்றுவிட்டன.

அறிவியல் நோக்கில் இந்த எண்ணிக்கையை எப்படிப் படிக்க வேண்டும்? சோதனை நடந்த சூழலைப் பாருங்கள். ஊர் முழுக்க விழா. பயணம் இலவசம். வெளியூர்க்காரர்கள் திரளாக வந்திருந்தார்கள். புதுமையின் ஈர்ப்பும் சேர்ந்துகொண்டது. இவை நான்கும் இல்லாத ஒரு சாதாரண நவம்பர் செவ்வாய்க்கிழமை மழையில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை அந்த எண் சொல்ல முடியாது. பரிசோதனைக்கூடத்தில் ஒரு காரணியை மாற்றும்போது மற்றவற்றை அசையாமல் வைத்திருப்போம். இங்கே ஒரே நேரத்தில் எல்லாமே மாறியிருந்தன. வண்டியை மக்கள் விரும்பினார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். தடம் தேவை என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் வேறொரு பாடம் தருகிறது. 2010இல் அங்கே பிரின்சஸ் தெருவில் புதிய டிராம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. ஓஸ்லோவுக்குப் பின்னாளில் வண்டி கட்டிய அதே சிஏஎஃப் நிறுவனத்தின் தயாரிப்பு. மக்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஆனால் அந்த ஊரின் துன்பம் வண்டியில் இல்லை, தெருவுக்கு அடியில் இருந்தது. குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், கழிவுநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் தண்டவாளத்தின் வழியிலிருந்து ஒதுக்க வேண்டியிருந்தது. எதிர்பார்த்ததைவிட அவை மிக அதிகமாக இருந்தன. ஒப்பந்தக்காரரோடு தகராறு மூண்டு வேலை நின்றது. 2014 மே 31 அன்று, திட்டமிட்டதைவிடக் குறுகிய தடத்தில், 77.6 கோடி பவுண்டு செலவில் டிராம் ஓடத் தொடங்கியது. டிராம் திட்டத்தின் பெருஞ்செலவு பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறது. பளபளக்கும் வண்டியைப் பார்க்க வந்தவரின் கண்ணுக்கு அது படாது.

பழக்கம் எப்படி மனத்தை மாற்றுகிறது

அப்படியானால் வண்டியைக் காட்டுவது வீணா? இல்லை. ஏன் இல்லை என்பதற்கு உளவியலில் உறுதியான காரணம் இருக்கிறது.

1968இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சயன்ஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொருள் தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் முகப் படங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றைப் பலமுறையும். பலமுறை கண்டவற்றை ஆட்கள் கூடுதலாக விரும்பினார்கள். வேறெந்தக் காரணமும் இல்லை. கண்டு பழகியது ஒன்றே காரணம். அறிமுகமற்றதைக் கண்டு ஒதுங்குவது உயிர்களின் இயல்பு. அதனால் தீங்கில்லை என்று திரும்பத் திரும்ப உணரும்போது ஒதுக்கம் கரைகிறது. முதல் அனுபவமே கசப்பாக இருந்துவிட்டால் இது வேலை செய்யாது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

போக்குவரத்தில் இதன் மிகத் தெளிவான சான்று ஓஸ்லோவுக்குப் பக்கத்து நாட்டுத் தலைநகரில் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கும் யோசனையைப் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை அதைச் சோதனையாக நடத்தினார்கள். எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்தன. செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்த ஸ்டாக்ஹோம் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்தார்கள். 2007இல் அது நிரந்தரமானது.

ஸ்டாக்ஹோமுக்கும் வான்கூவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஸ்டாக்ஹோம் மக்கள் ஏழு மாதம் தங்கள் அன்றாட வாழ்க்கையில், வேலைக்குப் போகும் அதே வழியில், அதன் விளைவை உணர்ந்தார்கள். கட்டணம் செலுத்திய எரிச்சலும் காலியான சாலையின் நிம்மதியும் சேர்ந்தே அவர்களுக்குக் கிடைத்தன. கேள்வி எந்த இடத்தைப் பற்றியதோ அதே இடத்தில் சோதனை நடந்தது. வான்கூவரில் மக்கள் கண்டது ஒரு நல்ல வண்டியை. ஸ்டாக்ஹோமில் மக்கள் கண்டது மாறிய தங்கள் ஊரை.

ஹவுகெட்டோவில் காட்ட வேண்டியது எது

இனி ஹவுகெட்டோவுக்கு வருவோம். அங்குள்ளவர்களுக்கு டிராமை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. ஓஸ்லோவில் 1875இல் குதிரை டிராமும் 1894இல் மின் டிராமும் வந்துவிட்டன. 1960இல் டிராமை ஒழித்துவிட முடிவெடுத்த நகரமன்றம், 1977இல் வைத்துக்கொள்ள முடிவெடுத்தது. எஸ்எல்18 இன்று மேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வண்டி பழகியது, பாதைதான் புதியது. ஆகவே வண்டியைக் காட்டி இந்த ஊரின் கேள்விக்கு விடை காண முடியாது.

அந்தக் கேள்வி மேலோட்டமாகத் தெரிவதைவிட நுட்பமானது. ஹவுகெட்டோவிலிருந்து ஓஸ்லோ மத்திய நிலையத்துக்கு ரயில் பத்து நிமிடம் அளவில் போய்விடுகிறது. 2022 டிசம்பரில் ஃபொல்லோ தடம் என்ற புதிய ரயில் பாதை திறந்தபின் தொலைதூர ரயில்கள் பலவும் நீண்ட சுரங்கத்துக்குள் போய்விட்டன. ஹவுகெட்டோ வழியாக ஓடும் பழைய தடம் உள்ளூர் ரயில்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. யாப்ருவிலிருந்து டிராம் நகர மையத்தை அடைய அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நேரமாகும். ஹவுகெட்டோக்காரர் யாரும் மையத்துக்குப் போவதற்காக டிராம் ஏறப்போவதில்லை. அப்படியென்றால் நீட்டிப்பு யாருக்கு?

மேட்டில் இருப்பவர் தெற்கே ரயிலில் போவதற்கும், பள்ளத்தாக்கில் இருப்பவர் மேட்டிலுள்ள பள்ளிக்கும் கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் போவதற்கும் அது பயன்படும். தெற்கிலிருந்து ரயிலில் வருபவர் நகர மையத்தைச் சுற்றாமல் ஹவுகெட்டோவிலேயே இறங்கி மேட்டுக்கு ஏறலாம். இரண்டு நேர்க்கோடுகளின் முனைகளை இணைக்கும்போது ஒரு வலை உருவாகிறது. வலையின் பயன் நீளத்தில் இல்லை, முடிச்சில் இருக்கிறது.

இதை அளக்கும் முறை போக்குவரத்து அறிவியலில் உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடமும், நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடமும் மனிதருக்கு ஒன்றல்ல. காத்திருப்பதையும் நடப்பதையும் மக்கள் ஏறத்தாழ இரு மடங்காக உணர்கிறார்கள் என்று திட்டமிடுவோர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வண்டி மாறுவதற்கே தனியாகச் சில நிமிடத் தண்டனை சேர்ப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். மேட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே ஒருவர் 20 நிமிடம் நடக்கிறார் என்று வைத்துக்கொண்டால், உணர்வில் அது 40 நிமிடம். டிராம் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம், உணர்வில் 10. பயணம் 4 நிமிடம். மொத்தம் 14. மிச்சம் 26 நிமிடம். ஆனால் இந்தக் கணக்கை நேர்மையாக முடிக்க வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே இடைவெளியில் ஓடும் பேருந்தும் இதில் பெரும்பங்கை மிச்சப்படுத்தும். டிராமின் தனிப் பயன், ஏற்கெனவே டிராமில் வருபவர் இறங்கி மாறாமல் அப்படியே ரயில் நிலையம் வரை போகலாம் என்பதில் இருக்கிறது. அந்தப் பயன் எத்தனை பேருக்கு, அதற்காகச் சரிவில் தண்டவாளம் பதிக்கும் செலவு எவ்வளவு என்பதுதான் உண்மையான ஒப்பீடு.

இரட்டை முனை வண்டி இந்த ஒப்பீட்டில் ஒரு புதிய காரணி. எஸ்எல்79 வண்டிக்கு ஒரு முனையில் மட்டுமே ஓட்டுநர் இருக்கை. ஆகவே எங்கே நின்றாலும் திரும்புவதற்கு வளையம் வேண்டும். யாப்ருவின் வளையம் அதற்குப் பயன்பட்டது. எஸ்எல்18இல் இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. இரு பக்கமும் கதவு உண்டு. ஓட்டுநர் எழுந்து மறுமுனைக்கு நடந்தால் போதும். நெருக்கமான பள்ளத்தாக்கு நிலையத்தில் வளையத்துக்கு நிலம் தேட வேண்டியதில்லை.

ஆகவே ஹவுகெட்டோ போன்ற இடத்தில் நடத்தத்தக்க சோதனை இப்படியிருக்கலாம். டிராம் வரப்போகும் நேர அட்டவணையிலேயே பேருந்தை ஓட்டுங்கள். யாப்ருவில் டிராமோடும் ஹவுகெட்டோவில் ரயிலோடும் நிமிடம் தவறாமல் இணையட்டும். வண்டியின் அகலமும் வளைவில் துருத்தும் மூலையும் எங்கே வரும் என்று சாலையில் கோடு போட்டுக் காட்டுங்கள். வளைவுகளில் இன்று ஓடும் டிராமின் ஒலியை அளந்து, அதே எண்ணை உத்தேசப் பாதையின் வீடுகளுக்குச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரையும் முதியவரையும் அழைத்து, மேட்டிலிருந்து ரயில் நடைமேடை வரை போகச் சொல்லி நேரம் குறியுங்கள். விழா நாளில் வேண்டாம். பனி பெய்யும் வேலை நாளில் செய்யுங்கள். இதற்கு இரவல் வண்டி தேவையில்லை. ஆனால் இரவல் வண்டி தராத விடைகளை இது தரும்.

நம் ஊர்களுக்கு

இந்தக் கதை நமக்கு அயலானது அல்ல. 1895 மே மாதம் சென்னையில் மின் டிராம் ஓடியது. இந்தியாவின் முதல் மின் டிராம் அதுவே. 1953 ஏப்ரலில் நின்றது. கொழும்பில் மாலபே முதல் கோட்டை வரை 15.7 கிலோமீட்டர் இலகு ரயிலுக்கு 2019இல் ஜப்பானின் ஜைக்கா அமைப்போடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 செப்டம்பரில் அரசு அதை ரத்து செய்தது. அந்தத் தடத்தின் பயனை ஒரு நாள்கூட உடம்பால் உணராத மக்கள், அது போனபோது எதை இழந்தார்கள் என்று எப்படி அறிவார்கள்? எழுத்தில் மட்டும் இருக்கும் பாதைக்காகத் தெருவில் இறங்கிக் குரல் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

எனவே மாதிரி ரயில் பெட்டி ஒன்றை நம் ஊரில் காட்சிக்கு வைத்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். உள்ளே ஏறி நில்லுங்கள். கைப்பிடி எட்டுகிறதா, பாட்டியால் ஏற முடிகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு, அதைக் கொண்டுவந்தவர்களிடம் கேளுங்கள்: என் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு எவ்வளவு நடக்க வேண்டும்? எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி? பேருந்திலிருந்தோ ரயிலிலிருந்தோ மாற எத்தனை படி ஏற வேண்டும்? இரவு பத்து மணிக்கும் வருமா? என் தெருவுக்கு அடியில் இருக்கும் குழாய்களை எண்ணிவிட்டீர்களா? இதே பணத்தில் பேருந்து விட்டால் என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்விகளுக்கு எண்களோடு விடை சொல்ல முடிந்த திட்டம் நம் ஆதரவுக்கு உரியது. சொல்ல முடியாத திட்டத்தைத் திருப்பி அனுப்பி, விடையோடு வரச் சொல்லும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு.